மனவடு: சண்டை ஓய்ந்த பின் ஆண்கள்

உயிருக்கு ஆபத்து நேர்ந்த ஒரு பொழுது கடந்து போய்விடுகிறது. உடம்பு மட்டும் அது கடந்துவிட்டதை நம்ப மறுக்கிறது. இலங்கையின் தமிழ் உளமருத்துவர்கள் இந்த நிலைக்கு வழங்கும் பெயர் மனவடு. பொருத்தமான சொல். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும், மழைக்காலத்தில் அந்தத் தழும்பு உள்ளே தினவெடுக்கும் என்பதெல்லாம் அதில் அடங்கிவிடுகிறது.

மனவடு பல முகங்களில் தெரியும். நடந்தது கனவாகவோ, விழித்திருக்கும்போதே காட்சியாகவோ திரும்பத் திரும்ப வரும். அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் பேச்சையும் மனிதன் ஒதுக்குவான். பெற்ற பிள்ளை மீதுகூட ஒட்டுதல் இல்லாமல், சிரிப்பும் வராமல் அழுகையும் வராமல் மரத்துப்போவான். சிறு சத்தமும் தூக்கிவாரிப்போடும். தூக்கம் அறுந்து அறுந்து வரும். கோபம் வார்த்தைக்கு முன்பே கைக்கு வந்துவிடும். முதல் வாரங்களில் இவை எவருக்கும் வரலாம், பெரும்பாலானவர்களுக்குத் தாமாகவே அடங்கியும் விடும். ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குலைக்கும்போதுதான் வைத்தியர் அதை நோய் என்கிறார்.

இந்த நோய்க்குப் பெயர் தேடிய வரலாறு பெரிதும் படைவீரர்களின் வரலாறு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுப் படபடப்போடு வந்த வீரர்களைப் பார்த்த டா கோஸ்டா என்ற வைத்தியர் 1871இல் அதை இதயக் கோளாறு என்று எழுதினார். முதலாம் உலகப் போரில், 1915இல், சார்ல்ஸ் மயர்ஸ் மருத்துவ இதழொன்றில் ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை அச்சேற்றினார். குண்டு வெடித்த அதிர்ச்சி மூளையைக் குலுக்கிவிட்டது என்பது அன்றைய கருத்து. அதே போரில் கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகப் பிரித்தானிய இராணுவம் தன் ஆட்களையே சுட்டுக் கொன்றது. அவர்களில் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டில்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் கொடுத்த நெருக்குதலும் சேர்ந்து, 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் மனவடு தனி இடம் பெற்றது. இதயம், மூளை, கோழைத்தனம் என்று நூறு ஆண்டுகள் அலைந்த பிறகே, அச்சமூட்டும் நிகழ்ச்சி நல்ல மனிதனையும் நோயாளியாக்கும் என்ற எளிய உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது.

மூளையில் நடப்பதை ஓரளவு இன்று விளக்க முடியும். ஆபத்தை மணந்தறிவது அமிக்டலா என்ற சிறு பகுதி. எது எங்கே எப்போது நடந்தது என்று நினைவுக்குத் தேதியும் இடமும் போட்டு வைப்பது ஹிப்போகாம்பஸ். ‘இது வெறும் பட்டாசு, பயப்படாதே’ என்று அடக்குவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி. பேரச்சத்தின்போது அமிக்டலா உச்சத்தில் ஓட, தேதி போடும் வேலை தடுமாறிவிடுகிறது. அதனால் அந்த நினைவு ‘அன்று நடந்தது’ என்று கோப்பில் அடங்காமல், ‘இப்போது நடக்கிறது’ என்றே நிற்கிறது. கோயில் திருவிழாவில் வேட்டு வெடித்ததும் ஒருவன் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறான் என்றால், அவன் எதையும் யோசித்துப் படுக்கவில்லை. யோசிக்கும் பகுதிக்குச் செய்தி போகும் முன்பே உடம்பு படுத்துவிட்டது. பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து அடுத்த ஆண்டு திருவிழாவுக்கே அவன் வரமாட்டான்.

இலங்கையில் மனவடுவை நேருக்கு நேர் பார்க்க வாய்ப்புள்ள நிலம், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் அடங்கிய சப்ரகமுவ மாகாணம். போர் நடந்தது வடக்கிலும் கிழக்கிலும் என்பது உண்மை. ஆனால் போருக்கு ஆள் போனதும், போரின் ஆட்கள் கொண்டுவரப்பட்டதும் இங்கே. சிங்கப் படையணியின் தலைமையகம் கேகாலை மாவட்டத்தின் அம்பேபுஸ்ஸவில் இருக்கிறது. கெமுனு ஹேவா படையணியின் தலைமையகம் இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டையில். சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களின் ஏழை வீடுகளுக்கு இராணுவச் சம்பளம் நிலையான வருமானம். அதே அம்பேபுஸ்ஸவில்தான் விடுதலைப் புலிகளிடமிருந்து பிடிபட்ட அல்லது சரணடைந்த சிறுவர்களுக்கான புனர்வாழ்வு நிலையமும் இருந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களில் 594 பேர் சிறார்கள். அம்பேபுஸ்ஸவில் இருந்த பிள்ளைகள் பின்னர் இரத்மலானை இந்துக் கல்லூரி வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். எதிரெதிராகச் சுட்டுக்கொண்ட இரு தரப்பின் ஆட்களுக்கும் ஒரே ஊர் முகவரியாக இருந்தது.

மூன்றாவது கூட்டம் துப்பாக்கியே தொடாதது. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து மலையிலும் ரப்பர் பால் வெட்டிலும் வாழ்ந்த மலையகத் தமிழர்கள். நுவரெலியாவைப் போல இங்கே தமிழர் செறிந்து வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவு தீவாக லயங்கள் என்ற வரிசை வீடுகள். 1977 ஆகஸ்ட், 1981 ஆகஸ்ட், 1983 ஜூலை என்று மூன்று முறை தமிழர்மீது வன்முறை வந்தபோது இந்த லயங்களுக்கு அரண் எதுவும் இல்லை. 1981இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தனியாகவே இலக்காயின. குடும்பத்தோடு தேயிலைச் செடிகளுக்கிடையிலும் காட்டிலும் இரவுகளைக் கழித்தவர்களில் பலர், பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறினர். 1977க்குப் பின் அங்கே குடியிருப்புகள் அமைத்தது வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் என்ற அமைப்பு. அந்த இராஜசுந்தரமே 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். வடக்கில் தஞ்சம் புகுந்தவர்களின் பிள்ளைகளைப் பின்னாளில் அங்கே போர் பிடித்துக்கொண்டது. தோட்டத்திலேயே தங்கியவர்களுக்கோ வேறொரு நிலை: லயத்துக்குத் தீ வைத்த கூட்டத்தில் கண்ட முகத்தை மறுமாதம் சந்திக் கடையில் பார்க்க வேண்டும், அங்கேதான் சாமானும் வாங்க வேண்டும்.

இந்த மூன்று கூட்டத்து ஆண்களுக்கும் அமிக்டலா ஒன்றுதான். ஆறும் விதம் ஒன்றல்ல. திரும்பி வந்த சிப்பாய்க்கு ஊர்ச் சந்தியில் பதாகை கட்டி ‘ரணவிரு’ (போர் வீரர்) என்று அழைத்தார்கள். 1999ஆம் ஆண்டின் சட்டம் ரணவிரு சேவா அதிகார சபையையே உருவாக்கியது. புனர்வாழ்வு முடித்துப் போன இளைஞன் விசாரணைக்கும் கண்காணிப்புக்கும் பயந்து தன் கதையை மறைத்தான். லயத்து அப்பாவுக்குப் பதாகையும் இல்லை, விசாரணையும் இல்லை. அவர் கதையைக் கேட்க ஆளே வரவில்லை. காயத்தின் ஆழத்தைப் போலவே, அதைச் சுற்றியுள்ளவர்கள் கேட்கக்கூடியதாக இருக்கிறதா என்பதும் ஆறுதலைத் தீர்மானிக்கிறது. மனவடு வருவதற்கான காரணிகளை ஆராய்ந்த ஆய்வுகள் பலவற்றில், சம்பவத்துக்குப் பின் சமூக ஆதரவு கிடைக்காமை மிக வலுவான காரணிகளில் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருகிறது.

இலங்கைப் படையினரிடம் எடுத்த கணக்குகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். உளமருத்துவர் நீல் பெர்னாண்டோவும் வைத்தியர் ருவன் ஜயதுங்கவும் 2002க்கும் 2006க்கும் இடையில் கொழும்பு இராணுவ வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட 824 பேரைப் பரிசோதித்தபோது, 56 பேருக்கு முழுமையான மனவடு நோய் இருந்தது. போர் முடிந்தபின் ரவீன் ஹன்வெல்லவும் சகாக்களும் கடற்படையினரிடம் நடத்திய ஆய்வில் அந்த அளவு 2 வீதத்தை ஒட்டியே நின்றது. ஈராக்கிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வென்ற படை, ஊரின் மரியாதை, கூடவே இருந்த தோழர்கள் என்பவை அவர்களைப் பாதுகாத்திருக்கலாம். கேள்வித்தாளில் உண்மையை எழுதினால் பதவி உயர்வு போகும் என்ற கணக்கும் இருந்திருக்கலாம். படையை விட்டு ஓடிப்போன பல்லாயிரம் பேர் இத்தகைய கணக்கில் வருவதே இல்லை. மனவடு அதிகம் இருக்கக்கூடிய கூட்டம் அதுதான் என்பதால் 2 வீதத்தை நிம்மதியோடு மேற்கோள் காட்டுவது சரியல்ல. கைதாகிவிடுவோம் என்று அஞ்சுகிறவன் அரசாங்க வைத்தியசாலையில் பெயர் பதிய மாட்டான்.

ஆண்கள் நோயைச் சொல்லும் மொழியும் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுகிறது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வருகிறவர் ‘மனக்கவலை’ என்று சொல்ல மாட்டார். ‘நெஞ்சு அடைக்குது, தலை எரியுது, ஒறக்கம் வர்றதில்ல’ என்பார். சற்று நெருங்கிக் கேட்டால் ‘யோசனை’ என்பார். ஆலோசனை, திட்டம் என்ற பொருளில் அல்ல. ஒரே நினைவு செக்குமாடாகச் சுற்றுவதற்குத்தான் அந்தப் பெயர். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் அதற்கு ‘கல்பனாவ’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணிபுரிந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், நோயாளிகளின் ‘பெருமூச்சு’ வெறும் மூச்சல்ல, துயரத்தின் மொழி என்று பதிவுசெய்தார். உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ இலங்கையரிடம் துயரம் எப்படி வெளிப்படுகிறது என்று ஆராய்ந்தபோது, உடம்பு நோவுகளோடு இன்னொன்றும் வந்தது. தன் கடமையைச் செய்ய முடியாமல் போனதையே, உறவில் தன் இடம் தவறியதையே, மக்கள் காயமாகக் கருதினர். மகளுக்கு ஒரு காதணி செய்து போட முடியவில்லை என்று ஒரு தகப்பன் விம்மும்போது அது பணப் பேச்சு என்று வைத்தியர் தாண்டிப் போனால், நோயையே தாண்டிப் போகிறார்.

மொழி கிடைக்காத துயரத்துக்குச் சாராயம் கிடைக்கிறது. மது முதல் இரு மணி நேரம் பயத்தைத் தணித்துத் தூங்க வைக்கும். பின்னிரவில் தூக்கத்தை அறுத்துக் கெட்ட கனவைக் கூட்டும். அதனால் மறுநாள் இன்னும் சற்று அதிகம் வேண்டியிருக்கும். தோட்டத்துக் கசிப்பு என்ற கள்ளச்சாராய விஷயத்தில் அளவைக் கணிக்கவும் வழியில்லை. குடியைக் குற்றமாகப் பேசும் சங்கக் கூட்டங்களும் கோயில் கட்டுப்பாடுகளும் பெரும்பாலும் தோற்பதற்குக் காரணம், குடி அங்கே மருந்து வேலையும் பார்ப்பதுதான். அடி வாங்குவது மனைவியும் பிள்ளைகளும். இந்த வழியாகவே மனவடு அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. இதன் எல்லை தற்கொலை. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததும் அது வெகுவாக விழுந்தது. துயரம் குறையவில்லை, கைக்கெட்டும் நஞ்சு குறைந்தது. மரிக்க நினைக்கும் ஆணின் அந்த அரைமணி நேரக் கொந்தளிப்பைத் தாண்டவைத்தால் பல உயிர்கள் தங்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று உலகில் குறைவு.

சிகிச்சையில் முதல் வேலை தூக்கமும் மூச்சும். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்பைத் தூண்டுகிறது. தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, உடம்பைப் படுக்கைக்குத் தயாராக்குகிறது. 2004 சுனாமிக்குப் பின் வடகிழக்கில் போரும் அலையும் தாக்கிய 31 பிள்ளைகளிடம் கிளவுடியா கற்றானியின் குழு ஓர் ஒப்பீட்டை நடத்தியது. பாதிப் பேருக்கு நடந்ததைக் கோவையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை. மற்றவர்களுக்குத் தியானமும் தளர்ச்சிப் பயிற்சியும். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே நடத்தினர். ஆறு மாதத்துக்குப் பின் முதல் குழுவில் 81 வீதத்தினரும் இரண்டாவதில் 71 வீதத்தினரும் தேறியிருந்தனர். சிறிய ஆய்வு, பிள்ளைகளின் ஆய்வு. ஆனாலும் வாய் திறந்து பேசாதவர்களுக்கும் வழியுண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த அளவீடு.

தணிவு வந்தபின் கதை சொல்லும் சிகிச்சை தொடங்கலாம். வாழ்க்கையை ஒரு நீண்ட கயிறாகத் தரையில் விரித்து, நல்ல நாளுக்குப் பூவும் கெட்ட நாளுக்குக் கல்லும் வைத்து, பிறப்பிலிருந்து இன்றுவரை வரிசையாகச் சொல்லவைப்பது ஒரு முறை. கல் வைத்த இடத்தில் ஆலோசகர் அவசரப்பட மாட்டார். என்ன கண்டாய், என்ன மணந்தது, கை எங்கே இருந்தது என்று கேட்டு, நடுவே ‘இப்போது நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம்’ என்றும் நினைவூட்டுவார். தேதி போடாமல் கிடந்த நினைவுக்குத் தேதி போடும் வேலை அது. சிலருக்குச் செர்ட்ரலின், புளுவொக்செட்டின் போன்ற மருந்துகள் உதவுகின்றன. தூக்கத்துக்கென்று டயசிபாம் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுப்பது மனவடுவுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை, பழக்கமாகிவிடும். கெட்ட கனவுக்கு நம்பிக்கையூட்டிய பிரசோசின், 304 முன்னாள் வீரர்களிடம் நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிடச் சிறக்கவில்லை.

அச்சத்துக்கான இந்த முறைகள் குற்றவுணர்ச்சிக்கு அப்படியே பொருந்துவதில்லை. வியட்நாம் வீரர்களோடு பணிபுரிந்த ஜொனதன் ஷே, மேலதிகாரி அறத்தை மீறக் கண்டதால் வரும் சிதைவை 1990களில் தனியாக எடுத்துப் பேசினார்; தான் நம்பும் அறத்தைத் தானே மீறினாலும் அந்தச் சிதைவு வரலாம். ‘செத்திருப்பேனே’ என்ற நினைவு திரும்பத் திரும்பச் சொன்னால் மங்கும். ‘கொன்றேனே’ என்பது சொல்லச் சொல்லக் கூர்மையாகலாம். இங்கே தேவைப்படுவது மன்னிப்பு, பரிகாரம், இழந்தவருக்கு ஏதேனும் செய்வது. விகாரையில் தானம் கொடுத்து இறந்தவருக்குப் புண்ணியம் சேர்க்கும் சிங்களச் சிப்பாய் இதைத்தான் தன் வழியில் செய்கிறான். புனர்வாழ்வு நிலையங்களில் அரி குருக்லான்ஸ்கியின் குழு நடத்திய ஆய்வும், தன் வாழ்வுக்குப் பெறுமதி உண்டு என்ற உணர்வு மீளும்போது வன்முறைமீதான பிடிப்பு தளர்கிறது என்று கண்டது. முள்வேலிக்குள் இருப்பவர் தரும் விடையை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி அந்த ஆய்வின் கூடவே நிற்கிறது.

கோயிலும் கூத்தும் செய்யும் வேலையை அறிவியல் இன்னும் சரியாக அளக்கவில்லை, ஆனால் கவனித்திருக்கிறது. 2002 போர்நிறுத்தத்தையொட்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் தூக்குக்காவடி எடுக்கும் இளைஞர்கள் பெருகியதை மானிடவியலாளர் ஜேன் டேர்ஜஸ் ஆராய்ந்தார்; அவர்களில் சித்திரவதைக்கு உள்ளானவர்களும் இருந்தனர். மூடிய அறையில் பிறர் தந்த வலி ஒன்று. ஊர் பார்க்க, தாயும் சகோதரரும் கூட வர, தானே விரும்பி ஏற்ற வலி இன்னொன்று. முன்னதைப் பின்னது மாற்றி எழுதுகிறது. மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் நடக்கும் காமன் கூத்தில் ரதியாக வேடம் கட்டுவதும் ஆண்தான். எரிந்துபோன மன்மதனுக்காக ஊர் நடுவே அவன் ஒப்பாரி வைத்து அழலாம். சுற்றி நிற்கும் ஆண்களும் கண் கலங்கலாம். எவரும் யாரையும் பொம்பிளை மாதிரி அழுகிறான் என்று ஏச மாட்டார்கள். வேறெந்த நாளிலும் லயத்து ஆணுக்கு இந்த அனுமதி இல்லை. இரத்தினபுரி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறும் யாத்திரை எல்லாச் சமயத்தாருக்கும் பொது. தூக்கமில்லாத மனிதனுக்கு உடற்சோர்வும் கூட்டமும் விடியலும் ஒன்றாகக் கிடைக்கும் அரிய இரவு அது. ஆயினும் சடங்கு எல்லோரையும் ஆற்றுவதில்லை. பிணம் கிடைக்காதவனுக்குச் சடங்கே தொடங்குவதில்லை. 1989–90இல் இரத்தினபுரி மாவட்டத்து எம்பிலிப்பிட்டியவில் காணாமலாக்கப்பட்ட பாடசாலை மாணவர்களின் தகப்பன்மார் அந்த நிலையில் விடப்பட்டார்கள். 1999இல் பாடசாலை அதிபருக்கும் இராணுவத்தினர் சிலருக்கும் தண்டனை கிடைத்தது, பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

2016 மே 17 மாலை கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. மண்ணைத் தோண்ட வந்தவர்கள் படையினர். போர்க்களம் பார்த்தவர்களுக்கு மறுபடியும் உடல்களைப் பொறுக்கும் வேலை. தோட்டத்து ஆண்களுக்கு, வன்முறைக்குப் பயந்து ஓடி ஒளிந்த மலையே இப்போது மேலே விழுந்தது. ஒரு மனிதனின் மேல் அடுக்கடுக்காக விழும் இத்தகைய காயங்களில் எது எந்த நோய்க்குக் காரணம் என்று பிரிப்பது வீண் வேலை.

இந்த மாவட்டங்களில் சிகிச்சைக்குப் போகும் வழி இரத்தினபுரி, கேகாலை வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் முடிகிறது. ஒரு நாள் கிளினிக் போனால் அன்றைய பேர் விழாது, சம்பளம் போகும். மேலே பஸ் காசு. வைத்தியரிடம் சிங்களத்தில் காய்ச்சலைச் சொல்லிவிடலாம், கனவைச் சொல்ல முடியாது. மொழிபெயர்க்க மகனையோ மனைவியையோ கூட்டிப் போனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவே முடியாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண் இந்தத் தூரத்தைச் சற்றுக் குறைக்கிறது.

தேறியவர்களுக்கும் ஆண்டு தோறும் ஒரு பருவம் கடினமானது. சம்பவம் நடந்த மாதம் நெருங்கும்போது, நாட்காட்டியைப் பாராதவனின் உடம்பும் அதை அறிந்துகொள்கிறது. தூக்கம் முதலில் கெடும், பிறகு கோபம், பிறகு குடி. சப்ரகமுவவில் மே மாதத்தில் பலதும் சேர்ந்து வருகின்றன: போர் முடிந்த நாள், மண்சரிவு நாள், கூரைத் தகரத்தில் விழத் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை. ஆகவே மாத்திரையைக் குறைப்பதென்றால் ஏப்ரலில் தொடங்காமல் மழை ஓய்ந்தபின் வைத்துக்கொள்வதும், சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் வீட்டாரிடம் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு வைப்பதும், பூச்சிகொல்லிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதும் இந்த மலைகளில் சிகிச்சையின் பகுதியாகின்றன.